அப்பாயியின் விரல்

உறையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எந்த நேரமும் ஈரப் புகையிலை வாடை அடிக்கும். அப்பாயி சுருட்டுச் சுற்றுகிறவள். நனைத்த இலையை மடியில் விரித்து, நடு நரம்பைக் கட்டைவிரல் நகத்தால் நெம்பி ஒரே இழுப்பில் உருவுவாள். உள்ளே வைக்க வேண்டியதை வைத்து உருட்டி, மேல் இலையைச் சரிவாகச் சுற்றிக்கொண்டே வந்து, நுனியில் பசை தொட்டு ஒட்டினால் ஒரு சுருட்டு. எண்ணிக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அன்றைய கூலி. சின்ன வயதிலிருந்து அதே வேலை என்பதால் அவளுடைய இரண்டு கை விரல்களும் நகக்கண் வரைக்கும் கருத்துப்போயிருந்தன. புளி போட்டுத் தேய்த்தாலும் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் அந்தக் கருப்பு போகாது.

எனக்கு இப்போது எழுபத்தொன்பது வயது. 1965 பற்றி எழுது எழுது என்று பேரப்பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வருடத்தை நினைத்தாலே எனக்கு முதலில் அந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

ஒரு வருடம் முன்னால் இருந்து தொடங்க வேண்டும். 1964 ஜனவரி 25, சனிக்கிழமை. அப்பா பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். விடியற்காலையில் சைக்கிளில் கிளம்பி ஜங்ஷன் வழியாகப் போவார். அன்றைக்குப் போனவர் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். சைக்கிளை ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், "ஒரு பையன் கொளுத்திக்கிட்டான்" என்று மட்டும் சொன்னார். அப்பாயி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை, செம்பையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரயில் நிலையத்து வாசலில் போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். கழுவிய ஈரத்துக்கு நடுவில் கழுவ முடியாத ஒரு கருந்திட்டு. ஜட்காக்காரர்கள் வண்டியைச் சற்றுத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள், குதிரை அந்தப் பக்கம் வர மறுத்ததாம். கீழப்பழுவூர் சின்னச்சாமி என்ற பெயர் அன்று மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கீழப்பழுவூர் அப்போது எங்கள் திருச்சி மாவட்டம்தான். முப்பது வயதுகூட ஆகாதவர். மனைவி, ஒரு கைக்குழந்தை. தமிழ் வாழ்க, இந்தி ஒழிக என்று கத்திக்கொண்டே எரிந்தார் என்றார்கள்.

எனக்குப் பதினேழு வயது. அந்தக் கருந்திட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அழுகை வரவில்லை. இந்த மனிதர் சொல்ல நினைத்ததைக் கேட்டுக்கொள்ள ஒரு ஆள்கூடவா இந்த நாட்டில் இல்லை என்ற கேள்விதான் வந்தது. அந்தக் கேள்வி இன்று வரைக்கும் என்னை விட்டுப் போகவில்லை.

இளையவர்களுக்காக விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினைந்து வருடம் ஆனதும், அதாவது 1965 ஜனவரி 26 முதல், மத்திய அரசின் ஆட்சிமொழி இந்தி. 1963இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்று இருந்தது. 'தொடரும்' என்று போடுங்கள் என்று அண்ணா கேட்டார். போடவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு வாய்வார்த்தையாக உறுதி சொல்லியிருந்தார். 1964 மே மாதம் நேருவும் போய்விட்டார். மிஞ்சியது அந்த 'லாம்' ஒன்றுதான். எதிர்காலத்தில் டெல்லியில் யார் உட்கார்ந்தாலும் அவர் இஷ்டப்படி வளைத்துக்கொள்ள இடம் கொடுக்கிற விகுதி அது.

இதைப் பற்றி டெல்லியில் எங்களுக்காக யார் பேசியிருக்க வேண்டும்? திருச்சியின் நாடாளுமன்ற உறுப்பினர் கே. அனந்தன் நம்பியார். ரயில்வே தொழிற்சங்கத்துக்காரர், கம்யூனிஸ்ட். 1962இல் எங்கள் தொகுதியில் ஜெயித்துப் போயிருந்தார். அப்பா போன்ற ஒர்க்‌ஷாப் தொழிலாளிகளுக்கு அவர் எம்.பி. என்பதற்கு முன்னால் பொன்மலைச் சங்கத்து ஆள். 1946 செப்டம்பர் 5 அன்று பொன்மலையில் போலீஸ் சுட்டு ஐந்து தொழிலாளிகள் செத்தார்களே, அந்தக் கணக்கில் வருகிற ஆள். அப்போது நான் என் அம்மா வயிற்றில் ஏழு மாதம். வெள்ளைக்காரன் இன்னும் போகவில்லை, ஆனால் சென்னையில் பிரகாசத்தின் காங்கிரஸ் அமைச்சரவை இருந்தது. நம் ஜனங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய அமைச்சரவை இருக்கும்போதே நம் ஆள்மேல் குண்டு பாய்ந்ததை அப்பாவால் மறக்க முடியவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒவ்வொரு செப்டம்பர் ஐந்தாம் தேதியும் ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

1964 டிசம்பர் கடைசியில், இந்தி வருவதற்குச் சரியாக நான்கு வாரம் இருக்கும்போது, நம்பியாரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். பக்கத்துப் புதுக்கோட்டைத் தொகுதி எம்.பி. ஆர். உமாநாத்தையும் பிடித்தார்கள். பொன்மலையில் தொழிலாளிகளின் நடுவே வளர்ந்த பாப்பாவின் கணவர் அவர். இந்தியப் பாதுகாப்பு விதிகள், 1962. சீனச் சண்டைக்காகப் போட்ட விதிகள். சண்டை ஒரு மாதத்தில் முடிந்துவிட்டது. சண்டைக்காக அறிவித்த நெருக்கடி நிலையை 1968 ஜனவரி வரைக்கும் எடுக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு மேல். நம் மக்கள் 1967இல் ஆட்சியை மாற்றினார்களே, அந்தத் தேர்தலே நெருக்கடி நிலைக்குள் நடந்த தேர்தல்தான். 1975ஐப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

விசாரணை கிடையாது. அப்பா சாயங்காலம் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பாயியிடம், "நம்பியாரு உள்ள போயிட்டாரு" என்றார். அப்பாயி நரம்பு உருவுவதை நிறுத்தவில்லை. "அப்ப டில்லியில நம்ம எடத்துல யாரு குந்தியிருக்கா?" என்று கேட்டாள். அப்பாவிடம் பதில் இல்லை.

1965 ஜனவரி 25 ஊர்வலத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. வகுப்பிலிருந்து வெளியே வந்தோம், தெப்பக்குளத்துப் பக்கம் கூடினோம், மெயின்கார்டு கேட் வழியாகப் போனோம். தொண்டை கட்டும் வரைக்கும் கத்தினோம். மதுரையில் மாணவர்கள்மேல் கத்தி வீசினார்கள் என்ற செய்தி சாயங்காலம் வந்தது. இரண்டு நாளில் சிதம்பரத்தில் ராஜேந்திரன் என்ற மாணவர் குண்டடிபட்டுச் செத்தார். சென்னையில் சிவலிங்கம், அரங்கநாதன் இரண்டு பேர் தீக்குளித்தார்கள். ஒவ்வொரு செய்திக்கும் எனக்கு அந்த ஜங்ஷன் வாசல்தான் கண்ணில் நின்றது.

வீட்டுக்குள்ளேயே ஒரு சண்டை நடந்தது. ஜனவரி 26 அன்று கறுப்புக்கொடி ஏற்றத் துணி தேடினேன். சித்தப்பாவின் பழைய கறுப்புச் சட்டை கொடியில் கிடந்தது. எடுத்துக் கிழிக்கப் போனேன், ஓடிவந்து பிடுங்கிக்கொண்டார். சித்தப்பா பெரியார் தொண்டர். புத்தூர் பெரியார் மாளிகைக்கு நாள் தவறாமல் போகிறவர். பெரியார் அந்தக் கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை, காமராசரைக் கவிழ்க்கப் பார்க்கிறார்கள் என்று கருதினார். "உங்களப் படிக்க வச்சதே காமராசர்தாண்டா. அவரு நாற்காலியப் பறிச்சு யாருக்குப் போடப் போறீங்க?" என்று சித்தப்பா கேட்டார். நான் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அப்பாயிதான் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

அவள் இந்தி எதிர்ப்பைப் புதிதாகப் பார்க்கிறவள் இல்லை. 1938 ஆகஸ்ட் முதல் தேதி தமிழர் பெரும்படை சென்னைக்கு நடக்கத் தொடங்கியது எங்கள் உறையூரில் இருந்துதான். பட்டுக்கோட்டை அழகிரி போனார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போனார். நாற்பத்திரண்டு நாள் நடந்து சென்னை சேர்ந்தார்கள். அப்பாயி தெருமுனையில் இடுப்பில் என் அத்தையோடு நின்று பார்த்தாளாம். "அத்தன ஆம்பளைக்கு நடுவுல ஒத்தப் பொம்பள, கைய வீசிக்கிட்டு நடந்து போச்சு" என்று சொல்லும்போது, அந்த அம்மாள் நேற்றுத்தான் எங்கள் தெருவில் போனதுபோல இருக்கும்.

பிப்ரவரி 11, வியாழக்கிழமை. இந்த நாளைப் பற்றித்தான் நான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கல்லூரியை மூடியிருந்தார்கள். ஆனாலும் கூடினோம். எங்கள் கும்பலில் முன்னூறு பேர் இருப்போம். ராணுவம் வருகிறது, திருப்பூரில் அப்படி இப்படி என்று வதந்தியும் செய்தியும் கலந்து வந்துகொண்டிருந்தன. சிந்தாமணிக்கு வந்தபோது முன்னால் போனவர்கள் சட்டென்று திரும்பி ஓடிவந்தார்கள். எனக்கு எதுவும் புரிவதற்குள் முதுகில் ஒரு அடி விழுந்தது. பிரம்பு இல்லை, கனமான தடி. மூச்சு நின்றுவிட்டது. விழுந்தால் மிதித்துவிடுவார்கள் என்று மட்டும் தெரிந்தது. என் ஸ்ரீரங்கத்து நண்பன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தின் மேல் ஓடினான்.

இப்போதிருக்கும் காவிரிப் பாலம் எழுபதுகளில் கட்டியது. அது பழைய பாலம், குறுகலானது. கீழே தண்ணீர் வற்றி மணல் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. வண்ணார்கள் துணி உலர்த்தியிருந்தார்கள். வெள்ளை வேட்டிகள் வரிசையாக மணலில் கிடந்தது மட்டும் எனக்கு அவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. பாலத்தைத் தாண்டிய பிறகு யாரும் துரத்தவில்லை. மாம்பழச்சாலையில் இருந்து மெதுவாக நடந்தோம். ராஜகோபுரம் அப்போது கிடையாது. மொட்டைக் கோபுரம் என்போம். அடிப்பகுதி மட்டும் எழும்பி, மேலே ஒன்றும் இல்லாமல் பல நூற்றாண்டாக நின்றுகொண்டிருந்தது. 1987இல்தான் முடித்துக் குடமுழுக்குச் செய்தார்கள். அதன் நிழலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

நண்பன் வீடு சித்திரை வீதியில். அந்த வீட்டுக்குள் அதுவரை நான் போனதில்லை, திண்ணையோடு சரி. அன்றைக்கு ரேழியில் உட்கார வைத்தான். பாட்டி வந்து எட்ட நின்று பார்த்தாள். மடி. என் முதுகைத் திருப்பச் சொன்னாள். சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. "ஐயோ, பெத்தவ பார்த்தா தாங்குவாளோடா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்த் தென்னமரக்குடி எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். குனிந்து, விரல் படாமல், உயரத்தில் இருந்து நண்பனின் உள்ளங்கையில் ஊற்றினாள். அவன் என் முதுகில் தடவினான். எண்ணெயின் அந்தக் காட்டமான வாசனை இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் எனக்கு முதுகு வலிக்கிறது.

பிறகு இலை போட்டுத் தயிர்சாதமும் நார்த்தங்காயும் வைத்தாள். கூடத்துக்குள் வா என்று யாரும் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன். அதைக் கவனித்ததையும், அந்தப் பாட்டியின் கண் கலங்கியிருந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் அந்த நாளுக்குத் துரோகம் செய்தவனாவேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாத்தா உள்ளேயிருந்து வந்து, ஊஞ்சல் காலியாக இருக்க, ரேழித் தரையில் எனக்கு எதிரே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. ராஜாஜி பக்தர். "எத்தனை அடி?" என்று கேட்டார். ஒன்று என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 1930 ஏப்ரல் 13 விடியற்காலையைப் பற்றிச் சொன்னார். கண்டோன்மெண்டில் டாக்டர் ராஜன் வீட்டில் இருந்து ராஜாஜி வேதாரண்யத்துக்குப் புறப்பட்டதை அவர் தெருவோரம் நின்று பார்த்தாராம். கூட நூறு தொண்டர்கள். டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன் ஸ்ரீரங்கத்துக்காரர், இவருக்குத் தெரிந்தவர். கூட நடக்க ஆசை. சர்க்கார் உத்தியோகம், மூன்று குழந்தைகள். வெயில் ஏறும் வரைக்கும் நின்றுவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டார்.

"அவா நடந்தா. வெள்ளைக்காரன் அடிச்சான். யாரும் சாதம் போடப்படாதுன்னு தஞ்சாவூர் கலெக்டர் உத்தரவு போட்டான். ஜனங்கள் மரத்துல பொட்டலம் கட்டித் தொங்கவிட்டா. அப்புறம் என்ன ஆச்சு தெரியுமோ? ஏழே வருஷம். அதே ராஜாஜி இந்த மாகாணத்துக்குப் பிரதம மந்திரி, அதே டாக்டர் ராஜன் மந்திரி. இந்தி வேண்டாம்னவாளை எந்தச் சட்டத்துல பிடிச்சுப் போட்டார்ங்கறே? வெள்ளைக்காரன் காங்கிரஸ்காராளைப் பிடிக்கறதுக்குன்னு வெச்சிருந்தானே, கிரிமினல் லா அமெண்ட்மெண்ட் ஆக்ட், அதுலதான்."

அவர் சொன்னது எனக்குப் புதிது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அப்போது சிறை போனார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் சிறைவாசத்தில் செத்தார்கள். சிறை என்றால் என்ன, அந்தச் சட்டம் என்றால் என்ன என்று உடம்பால் அறிந்தவர் கையில்தான் அது நடந்திருக்கிறது. அந்த ராஜாஜியே 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கம் நின்றார். தாத்தா அவர்மேல் வைத்த பக்தி கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவருடைய கை நடுங்கியது. தன் தெய்வத்தின்மேல் ஒரு குறையைச் சொல்ல, அடிபட்ட ஒரு பிள்ளைக்கு முன்னால் தரையில் வந்து உட்கார்ந்தார் அவர். பின்னாளில் பெரிய பெரிய தலைவர்களின் பேச்சையெல்லாம் கேட்டிருக்கிறேன். அதிகாரம் பற்றி அந்த ரேழியில் கேட்டதற்கு மேல் ஒன்றும் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பஸ் ஓடவில்லை. அன்றிரவு அங்கேயே தங்கினேன். மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமா என்ற செய்தி வந்து தெருவே பரபரத்துக் கிடந்தது. இரவு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியின் வானொலி உரை. தாத்தா ரேடியோவை ரேழி வாசலுக்கு இழுத்து வைத்தார். உரை ஆங்கிலத்தில் வந்தது. நான் தமிழ் மீடியத்தில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவன், அந்த வேகத்துக்கு என்னால் பிடிக்க முடியவில்லை. தாத்தா ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். மாநிலங்கள் ஆங்கிலத்திலேயே மத்திய அரசோடு எழுதிக்கொள்ளலாம். மத்திய வேலைக்கான பரீட்சை ஆங்கிலத்திலும் தொடரும். நேருவின் உறுதிமொழி காப்பாற்றப்படும்.

எந்த மொழி தொடர வேண்டும் என்று முதுகில் அடி வாங்கினேனோ, அந்த மொழியில் எனக்கு வந்த பதிலை இன்னொருவர் எனக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இது அன்றைக்கே என்னைக் குத்தியது. எங்கள் கோரிக்கை தவறு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. இந்தி வந்திருந்தால் என் போன்றவன் இரண்டு படி பின்னால் போயிருப்பான். ஆனால் தமிழ் எப்போது அந்த ரேடியோவில் எனக்கு நேராகப் பேசும் என்ற கேள்வியை அன்று என்னோடு ஓடியவர்களில் எத்தனை பேர் பிறகு கேட்டோம்? டாக்காவில் 1952 பிப்ரவரி 21 அன்று தாய்மொழி வங்காளத்துக்காக மாணவர்கள் குண்டடிபட்டுச் செத்ததைப் பல வருடம் கழித்துப் படித்தபோது, அந்த ரேழி இரவுதான் திரும்ப வந்தது.

மறுநாள் வீடு திரும்பினேன். அப்பாயி என் முதுகைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஒரு வாரம் எனக்கு முதுகுப்புறமாகவே உட்கார்ந்து இலை கிழித்தாள். அந்த மாதமே விராலிமலை சண்முகம் நஞ்சு குடித்துச் செத்தார். சின்னச்சாமிக்கும் அவருக்கும் தென்னூரில் இப்போது நினைவிடம் இருக்கிறது. ஜனவரி 25 தோறும் கட்சிக்காரர்கள் மாலையோடு வருகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் போவேன்.

நம்பியாருக்கு வருகிறேன். நாடாளுமன்றம் கூடும்போது உறுப்பினர்கள் வர வேண்டும் என்று குடியரசுத் தலைவர் அழைக்கிறார், அந்த அழைப்பை ஏற்று அவைக்குப் போவது எங்கள் உரிமை, எங்களை அடைத்து வைப்பது எங்களைத் தேர்ந்தெடுத்த மக்களின் குரலை அடைத்து வைப்பது என்று அவரும் உமாநாத்தும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1965 அக்டோபர் 27 அன்று தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அடைத்து வைக்கப்பட்டிருக்கும் உறுப்பினருக்கு அவைக்குப் போகத் தனி உரிமை கிடையாது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், நம்பியார் சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோதும் இதே கேள்வியை எழுப்பி, சென்னை உயர் நீதிமன்றத்தில் இதே பதிலைப் பெற்றவர்தான். வெள்ளைக்காரன் இல்லாத நாட்டில், ஒரே மனிதர், ஒரே கேள்வியோடு இரண்டு தடவை நீதிமன்றக் கதவைத் தட்டியிருக்கிறார். இன்று வரைக்கும் நாடாளுமன்ற நடைமுறைப் புத்தகங்களில் அவர் பெயரால்தான் அந்த வழக்கைச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அப்பா பேப்பரில் தீர்ப்பைப் படித்துவிட்டு அப்பாயிக்கு விளக்க முயன்றார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அவரு தப்பு செஞ்சிருந்தா கோர்ட்டுல வச்சு ஜெயில்ல போடட்டும். செய்யலைன்னா அனுப்பட்டும். ரெண்டும் இல்லாம நம்ம எடத்தக் காலியா வச்சிருக்க இவங்க யாரு?" எழுதப் படிக்கத் தெரியாதவள். விசாரணை இல்லாமல் அடைத்து வைப்பதைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு வக்கீல் பேசி நான் கேட்டதில்லை.

அந்த இடம் அவளுக்கு அவ்வளவு பெரிது. ஏனென்றால் 1952க்கு முன்னால் அவளுக்கு ஓட்டே கிடையாது. சொத்து இருக்கிறவன், வரி கட்டுகிறவன், படித்தவன் போட்ட ஓட்டு அது. சுருட்டுச் சுற்றுகிறவளுக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் அந்தச் சீட்டு கைக்கு வந்தது. அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒவ்வொரு பெட்டி. சின்னம் ஒட்டிய பெட்டிகளின் வரிசைக்கு முன்னால், யாரும் பார்க்காத ஒரு அறையில் தனியாக நின்றதைப் பற்றிச் சொல்வாள். அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு அறையில் தனியாக நின்றது அதுதான் முதல் தடவை.

1956 மே மாதம் எங்கள் ஊரில் நடந்த தி.மு.க. மாநாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று தலைவர்கள் தாங்களே முடிவு செய்யாமல், வந்திருந்தவர்களையே பெட்டியில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். நிற்கலாம் என்று 56,942 பேர், வேண்டாம் என்று 4,203 பேர். எனக்கு ஒன்பது வயது. மாமா தோளில் உட்கார்ந்து போனேன். பந்தலில் வேர்வை வாடையும் மல்லிகை வாடையும் கலந்து அடித்ததும், மாமா சீட்டை மடித்துப் பெட்டியில் போடும்போது என்னையும் ஒரு கை தொடச் சொன்னதும் நினைவிருக்கிறது. நான் போட்ட முதல் ஓட்டு என்று அதைத்தான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த பதினோரு வருடத்தில் அந்தப் பெட்டி எங்கே கொண்டுபோய் விட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1967இல் 234 இடத்தில் 137. விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் 1965 கிளர்ச்சியில் முன்னால் நின்ற மாணவர் சீனிவாசன், வித்தியாசம் 1,285 ஓட்டு. சித்தப்பா அன்று வாய்விட்டு அழுதார். நான் தெருவில் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவன், அவர் அழுவதைப் பார்த்ததும் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டேன். ஒன்பது வருடம் கழித்து, 1976 ஜனவரி 31 அன்று, ஜனங்கள் தேர்ந்தெடுத்த அந்தக் கட்சியின் ஆட்சியை டெல்லி ஒரே இரவில் கலைத்தது. 1967இல் என்னோடு இனிப்புச் சாப்பிட்டவர்களில் சிலர் விசாரணை இல்லாமல் உள்ளே போனார்கள். அப்போது அப்பாயி இல்லை.

1967 தேர்தலில் எனக்கு ஓட்டு இல்லை. ஓட்டுப் போடும் வயது அப்போது இருபத்தொன்று. பதினெட்டாகக் குறைத்தது 1989இல். தெருவில் அடிபட்ட எங்களில் முக்கால்வாசிப் பேர் அன்று வாக்குச்சாவடிக்கு வெளியேதான் நின்றோம். நான் சீட்டு எழுதிக் கொடுக்கிற மேசையில் இருந்தேன். அப்பாயியை அப்பா கூட்டிக்கொண்டு போனார். வெளுத்த சேலை, நெற்றி நிறையத் திருநீறு.

உள்ளே நடந்ததை அப்பா சொன்னார். மை வைக்கிறவர் அவள் இடது கை ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, ஏற்கெனவே மை இருக்கே?" என்றாராம். "அது மையில்லய்யா, பொயலை" என்றாளாம் இவள். அவர் நம்பவில்லை. அடுத்த விரலைப் பார்த்தார், அதுவும் அப்படி. வலது கையைக் காட்டச் சொன்னார். பத்து விரலையும் மேசைமேல் விரித்து வைத்து, "மோந்து பாருங்க" என்றாளாம். பூத் அதிகாரி எழுந்து வந்து, குனிந்து, நிஜமாகவே முகர்ந்து பார்த்தாராம். பிறகு அவர் கையாலேயே நகக்கண்ணில் மை வைத்து, இரண்டு சீட்டையும் கொடுத்தார். ஒன்று சட்டமன்றத்துக்கு, ஒன்று நாடாளுமன்றத்துக்கு.

வெளியே வந்தவள் வெயிலில் விரலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். கருப்பின்மேல் வைத்த கருப்பு, ஒன்றும் தெரியவில்லை.

"மை காணலியேடா. கணக்குல சேருமா?"

"சேரும் அப்பாயி."

நம்பியார் அந்தத் தேர்தலில் மறுபடியும் நின்றிருந்தார், சில நாளில் ஜெயித்ததாகச் செய்தியும் வந்தது. ஆனால் அப்போது எங்களுக்கு அது தெரியாது. புங்கமரத்து நிழல் வரைக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"நம்பியாரு இந்தத் தடவையாச்சும் உள்ள போவாருல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவரு எதுக்கு அப்பாயி மறுபடி உள்ள போவணும்?"

"ஜெயிலுக்கு இல்லடா. அந்த டில்லி சபைக்கு உள்ள."